ரத்தக் குழாய்க்கும் ‘வெல்டிங்’!

“ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் ரத்தம் தேவைப்படலாம். கொடுக்க ஆள் இருக்கிறதா?”

வெளி மாநிலத்துக்கு வந்து பிழைக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி பில்லைக் காட்டிலும் இந்தக் கேள்விதான் வயிற்றைக் கலக்கும். திருநெல்வேலியிலோ சேலத்திலோ என்றால் மைத்துனன் வருவான், சித்தப்பா மகன் வருவான், சொல்லி அனுப்பினால் தெருப் பையன்கள் நாலு பேர் வந்து நிற்பார்கள். தாராவியிலும் ஆண்டாப்ஹில்லிலும் யாரை எழுப்புவது? அறையில் கூடத் தங்கியிருப்பவர் இரவு ஷிப்டுக்குப் போயிருப்பார். ஆபீசில் பக்கத்து மேஜைக்காரருக்குச் சர்க்கரை வியாதி. இன்னொருவர் போன மாதம்தான் வேறொருவருக்காகக் கொடுத்தார். ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் மூன்று மாதம் பொறுத்துத்தான் மறுமுறை கொடுக்க முடியும்.

ஒரு காலத்தில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்தார்கள். 1996-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பை அடுத்து, 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. நல்ல தடைதான். விலைக்கு வந்த ரத்தத்தோடு மஞ்சள் காமாலையும் வேறு நோய்களும் சேர்ந்து வந்தன. ஆனால் “ஏற்றுகிற ரத்தத்துக்கு மாற்றாக ஆள் கொண்டு வா” என்று கேட்கும் வழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் இன்றும் போகவில்லை.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆபரேஷன் மேஜையில் ரத்தம் வீணாகப் போகாமல் நிறுத்தி வைப்பது எப்படி என்பதைப் பற்றி வெளியில் அதிகம் தெரிவதில்லை. அது ஒரு நீண்ட கதை. அதில் தாவரங்களை ஆராய்ந்த ஒரு விஞ்ஞானி வருகிறார். இரும்பை ஒட்டிப் பழகிய கீவ் நகரத்து வெல்டர்களும் வருகிறார்கள்.

நூலும் நெருப்பும்

உடம்பில் எங்கே கத்தி வைத்தாலும் ரத்தக் குழாய் குறுக்கிடும். மயிரிழை போன்ற சிறு குழாய்கள் தாமாகவே அடைத்துக்கொள்ளும். பெரிய குழாய்கள் அப்படி நிற்பதில்லை. அவற்றை இரண்டு இடுக்கிகளால் இரண்டு இடத்தில் பிடித்து, நடுவில் வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டவேண்டும். கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் போன்ற ஒன்றில் இப்படி எத்தனையோ முடிச்சுகள். ஒவ்வொன்றுக்கும் நேரம் பிடிக்கும். ஒன்று நழுவினாலும் வயிற்றைத் தைத்து மூடிய பிறகு உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். மறுபடி மேஜைக்குத்தான் போகவேண்டும்.

நூல் வருவதற்கு முன்பு நெருப்பு இருந்தது. மாட்டுக்கும் மனிதனுக்கும் சூடு போடும் வழக்கத்தைக் கிராமத்தில் கண்டவர்கள் உண்டு. சுசுருதர் பெயரால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல், சூட்டுக்கோல் வைத்தியத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. கிழிந்த குடலை ஒட்ட, பெரிய கறுப்பு எறும்புகளைக் கடிக்கவிட்டுத் தலையை மட்டும் அங்கேயே விட்டுவிடும் வித்தையையும் அது சொல்கிறது. வாளால் அறுத்துச் சூடு வைக்கும் மருத்துவனிடம் நோயாளிக்கு அன்பு குறையாது என்ற உவமையைக் குலசேகர ஆழ்வார் பாடலில் கேட்டிருக்கிறோம். அறுப்பதும் சுடுவதும் சேர்ந்ததே ரண வைத்தியம் என்பது அந்நாளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்திருக்கிறது.

ஐரோப்பாவில் துப்பாக்கிக் குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவார்கள். 1537-ல் இத்தாலிப் போர்க்களத்தில் அம்புருவாஸ் பாரே என்ற பிரெஞ்சு ரண வைத்தியருக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டைக் கரு, ரோஜா எண்ணெய், கர்ப்பூரத் தைலம் கலந்து பூசினார். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் மறுநாள் துடித்துக்கொண்டிருக்க, பூச்சு மட்டும் போட்டவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். அதன் பிறகு அவர் நெருப்பை விட்டு விலகினார். காலை வெட்டியெடுக்கும்போது கூட ரத்தக் குழாயை நூலால் கட்டும் முறையைப் பரப்பியவர் அவரே. நெருப்பை நூல் வென்றது.

ஆனால் நூல் போகாத இடங்கள் இருந்தன. மூளை அதில் முதலாவது.

பாஸ்டனில் ஓர் அக்டோபர்

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் ஹார்வி குஷிங் என்ற டாக்டர் இருந்தார். மூளை ஆபரேஷனை ஒரு தனிக் கலையாக வளர்த்தவர். மணிக்கணக்கில் நின்று, சொட்டு ரத்தமும் வீணாகாமல் வேலை செய்பவர் என்று பெயர். மூளையின் குழாய்களை நூலால் கட்ட முடியாது என்பதால் 1911-லேயே குட்டி வெள்ளிக் கிளிப்புகளை உண்டாக்கிக்கொண்டார். அப்படியும் ரத்தம் மிகுந்த கட்டிகளைக் கண்டால் கையைப் பிசைந்துகொண்டு, திறந்த தலையை அப்படியே மூடிவிட வேண்டி வந்தது.

1926 செப்டம்பர் கடைசியில் 64 வயது நோயாளி ஒருவரின் தலையிலிருந்த கட்டியில் கை வைத்தார். ரத்தப் போக்குத் தாங்காமல் பாதியில் நிறுத்தினார். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 1-ந் தேதி, அதே நோயாளி மறுபடி மேஜைக்கு வந்தார். இந்தத் தடவை அறைக்குள் ஒரு மின்சாரப் பெட்டியும் வந்திருந்தது. பெட்டிக்காரர் வில்லியம் போவி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தாவர உடலியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். டாக்டர் பட்டம் என்றால் வைத்தியர் அல்ல. அவருடைய பெட்டியிலிருந்து வந்த மின்சாரம், ஒரு கம்பி வளையத்தின் வழியாகக் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டியது. வெட்டிய இடத்தில் ரத்தத்தையும் நிறுத்தியது. முன்பு பாதியில் நின்ற வேலை அன்றைக்கு முடிந்தது.

போவிக்கு முன்பும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் மின்சாரத்தால் சதையைச் சுட்டுப் பார்த்ததுண்டு. ஆனால் குஷிங் கையில் எடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று திருப்பி அனுப்பிய பழைய நோயாளிகளை அவர் மறுபடி கூப்பிட்டு அனுப்பினார்.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. ஒரு தடவை மின்சாரம் குஷிங்கின் கையிலேயே பாய்ந்தது. அந்நாளைய மயக்க மருந்து ஈதர். பெட்ரோல் போலப் பற்றக் கூடியது. ஒரு நோயாளியின் நெற்றி எலும்புக் குழி திறந்தபோது, உள்ளே தங்கியிருந்த ஈதர் ஆவி நீலச் சுடராகப் பற்றிக்கொண்டது.

போவியின் பிற்காலம்தான் மனத்தை உறுத்துகிறது. ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பெட்டியின் உரிமையை ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார் என்று வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கம்பெனி அந்தப் பெட்டியை உலகமெங்கும் விற்றது. அவர் 1958-ல் வசதி ஏதுமின்றிக் காலமானார். அமெரிக்க ஆபரேஷன் தியேட்டர்களில் இன்றும் அந்தக் கருவியை “போவி” என்றே கேட்டு வாங்குகிறார்கள். இங்கே நம் நர்சுகள் அதைக் “காட்டரி” என்பார்கள்.

ஷாக் அடிக்காத மின்சாரம்

வீட்டு மின்சாரம் ஒரு கணம் தொட்டாலே உதறித் தள்ளுகிறது. அப்படியிருக்க உடம்பைத் திறந்து உள்ளே மின்சாரத்தைப் பாய்ச்சினால் ஆள் எப்படிப் பிழைக்கிறான் என்று கேட்கத் தோன்றும்.

வீட்டுக்கு வரும் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஓடுகிறது. நரம்பும் தசையும் அந்த வேகத்துக்கு ஈடு கொடுத்துத் துடிக்கின்றன. அந்தத் துடிப்பைத்தான் ஷாக் என்கிறோம். பாரிஸில் தார்சொன்வால் என்ற விஞ்ஞானி 1891-ல் ஒன்றைக் கண்டார். சுற்று விநாடிக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் தசை துடிப்பதில்லை. சூடு மட்டும் உண்டாகிறது. ஆபரேஷன் பெட்டி தருவது விநாடிக்கு மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் சுற்று. ரயில் பெட்டியின் கதவு அத்தனை வேகத்தில் திறந்து திறந்து மூடினால் யாராலும் உள்ளே கால் வைக்க முடியாதல்லவா? நரம்பின் கதையும் அதுதான். அதற்கு அசைந்து கொடுக்க நேரமே கிடைப்பதில்லை.

பேனா போன்ற கருவியின் முனை ஊசி மாதிரி இருக்கிறது. மின்சாரம் அந்த முனை வழியாக உடம்புக்குள் புகுந்து, தொடையிலோ முதுகிலோ ஒட்டிய ஒரு அகலப் பட்டை வழியாக வெளியேறிப் பெட்டிக்குத் திரும்புகிறது. இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே அளவு மின்சாரம்தான். ஆனால் தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரம் முழுவதும் பரவி நிற்கிற கூட்டம், வண்டி வந்ததும் ஒரே கதவில் முண்டுவதைப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரியும். நெருக்கடி கதவில்தான். ஊசி முனையில் சதை ஆவியாகிறது. பட்டைக்கடியில் தோல் வெதுவெதுப்பைக் கூட உணர்வதில்லை. அந்தப் பட்டை அரைகுறையாக ஒட்டியிருந்தால் மட்டும் நெருக்கடி அங்கேயும் வந்துவிடும். அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

கருக்குவது வேறு, ஒட்டுவது வேறு

போவியின் பெட்டி ரத்தத்தை நிறுத்தியது மெய்தான். எப்படி நிறுத்தியது? குழாயின் வாயைக் கருக்கி, மேலே ஒரு பொருக்குத் தட்ட வைத்தது. பொருக்கு என்றால் பொருக்குத்தான், அது உதிரலாம். மெல்லிய குழாய்களுக்கு அது போதும். பென்சில் கனமுள்ள ஒரு தமனியில், இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தத்தை மோதும் இடத்தில், கருகிய மூடி நிற்காது. ஆகவே பெரிய குழாய்க்கு நூல், சிறு குழாய்க்குச் சூடு என்ற பங்கீடு எழுபது ஆண்டுக்கு மேல் நீடித்தது.

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1940-ல் கிரீன்வுட் என்ற அமெரிக்க டாக்டர், மின்சாரத்தை உடம்பு முழுவதும் சுற்ற விடாமல், இடுக்கியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு மட்டும் போகச் செய்தார். நியூயார்க்கில் லெனார்டு மாலிஸ் அதை மேலும் செம்மைப்படுத்தினார். இடுக்கியில் பிடித்த சதை மட்டும் சுடும். பக்கத்திலிருக்கும் நரம்பு தப்பும். மூளை டாக்டர்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம் ஆயிற்று.

இடுக்கி இருந்தது, மின்சாரம் இருந்தது. இரண்டு பொருள் குறைந்தன. ஒன்று, போதுமான அழுத்தம். மற்றொன்று, எப்போது நிறுத்துவது என்று அறிகிற புத்தி.

பாயா சொல்லும் பாடம்

ஆட்டுக்கால் பாயா குடித்தவர்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஆறிய பிறகு உதடும் விரலும் பிசுபிசுவென்று ஒட்டும். இரவில் மிஞ்சிய சாறு காலையில் கட்டியாகிக் கிடக்கும். அந்தப் பசைக்கு மூலப்பொருள் கொலாஜன். தோல், எலும்பு, தசைநார், ரத்தக் குழாயின் சுவர் எல்லாவற்றிலும் கயிறு போல முறுக்கிக் கிடக்கும் புரதம் இது. சுமார் 60, 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் முறுக்கு அவிழ்கிறது. அவிழ்ந்த இழைகள் ஆறும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. முட்டை வெள்ளைக்கரு தோசைக்கல்லில் இறுகுவதும் புரதம் உருமாறும் வேலைதான்.

இந்த இயல்பைப் பயன்படுத்தி 1998-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலிருந்து ஒரு கருவி வந்தது. ‘லிகாஷூர்’ என்று பெயர். இன்று வேறு கம்பெனிகளின் கருவிகளும் இருக்கின்றன; அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான். நீண்ட இடுக்கியின் இரு தாடைகளுக்கிடையே ரத்தக் குழாயை வைத்து டாக்டர் அழுத்துகிறார். குழாய் சப்பட்டையாகி, உள்ளிருக்கும் ரத்தம் இருபுறமும் ஒதுங்குகிறது; எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் பாய்கிறது. இரண்டு முதல் நாலு விநாடியில் இரு சுவரின் கொலாஜனும் அவிழ்ந்து கலக்கிறது. மின்சாரம் நின்ற பிறகும் பிடி விடுவதில்லை. ஆறும் வரை அழுத்தம் இருக்கும். பிறகு திறந்து பார்த்தால் குழாய் இருந்த இடத்தில் எண்ணெய்த் தாள் போல, ஒளி ஊடுருவும் ஒரு பட்டை. தாடைக்குள்ளேயே இருக்கும் சிறு கத்தி அந்தப் பட்டையின் நடுவே ஓடி வெட்டிவிடுகிறது. நூல் கிடையாது, கிளிப் கிடையாது.

கப்பல் தளத்திலும் கார் தொழிற்சாலையிலும் ஸ்பாட் வெல்டிங் செய்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கக் கூடும். இரண்டு தகட்டைச் செப்பு முனைகளுக்கிடையே நசுக்கி, மின்சாரம் கொடுத்து, சில கணம் பிடித்து விடுவதுதானே அவர்கள் தொழில்? அழுத்தம், மின்சாரம், நேரம் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் ஒட்டும். மின்சாரம் குறைந்தால் பிய்த்துக்கொள்ளும். கூடினால் ஓட்டை விழும். இங்கும் அதே கணக்குத்தான்.

ஆனால் தகடு எல்லாம் ஒரே கனம். மனித உடம்பு அப்படியல்ல. ஒருவருக்குக் கொழுப்பு அதிகம். ஒருவருக்குக் குழாய்ச் சுவர் தடிப்பு. இத்தனை விநாடி என்று எழுதி வைக்க முடியாது. ஆகவே பெட்டி தானே சோதித்துக்கொள்கிறது. ஈரமான சதையில் மின்சாரம் எளிதாக ஓடும். சதை வெந்து நீர் வற்ற வற்ற, ஓட்டத்துக்குத் தடை ஏறும். அந்தத் தடையைப் பெட்டி விநாடிக்குப் பலமுறை அளந்து, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து, ஒட்டு முடிந்தது என்று கண்டதும் தானே நிறுத்தி மணி அடிக்கிறது. சோறு வெந்ததைப் பதம் பார்த்து இறக்குகிற கைப்பக்குவம் போவியின் பெட்டிக்கு இல்லை, இதற்கு இருக்கிறது. இந்த ஒரு புத்திதான் கருக்கும் கருவியை ஒட்டும் கருவியாக்கியது.

7 மில்லிமீட்டர் வரை குறுக்களவுள்ள குழாயை, அதாவது ஒரு பென்சில் கனத்தை, இது மூடும். சாதாரண ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 120 என்றால், அதைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தையும் நல்ல ஒட்டு தாங்குவதாகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

கீவ் நகரத்து வெல்டர்கள்

இதே காலத்தில், நிஜமான வெல்டர்களே இந்தத் துறைக்குள் நுழைந்தார்கள். உக்ரைன் தலைநகர் கீவில் பாட்டன் மின் வெல்டிங் ஆராய்ச்சிக் கழகம் என்று ஒன்று இருக்கிறது. எவ்கெனி பாட்டன் என்ற பாலப் பொறியாளர் 1934-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் கழகம் யூரல் மலைப் பகுதிக்குப் பெயர்ந்து, டாங்கிகளின் கவசத் தகடுகளை இயந்திரத்தாலேயே வெல்டிங் செய்யும் முறையைப் புகுத்தியது. போர் முடிந்து கீவ் திரும்பியதும், தினீப்பர் ஆற்றின்மேல் ரிவெட்டே இல்லாமல் முழுக்க வெல்டிங்கில் ஒரு பெரிய பாலம் எழுந்தது. அது திறக்கப்பட்ட 1953-ல், திறப்புக்குச் சில மாதம் முன்னதாக, எவ்கெனி காலமானார்.

மகன் போரிஸ் பாட்டன் அதே ஆண்டு பொறுப்பேற்றார். 2020-ல் 101 வயதில் கண் மூடும் வரை பொறுப்பில் இருந்தார். அறுபத்தேழு ஆண்டு ஒரே நாற்காலி! அவர் காலத்தில் வெல்டிங் விண்வெளிக்கும் போயிற்று. 1969-ல் சோயுஸ்–6 கலத்துக்குள் முதல் சோதனை நடந்தது. 1984-ல் ஸ்வெத்லானா சவித்ஸ்காயா என்ற வீராங்கனை, கலத்துக்கு வெளியே மிதந்தபடி, கழகம் செய்து கொடுத்த கைக்கருவியால் உலோகத்தை வெட்டி ஒட்டிக் காட்டினார்.

இப்படிப்பட்டவர்கள் 1990-களில் டாக்டர்களோடு சேர்ந்து உயிருள்ள சதையில் கை வைத்தார்கள். அழுத்தம், உயர் சுற்று மின்சாரம், தானே நிறுத்திக்கொள்ளும் கட்டுப்பாடு என்ற அதே வழிதான். ஆனால் அவர்களுடைய ஆசை பெரிது. ரத்தக் குழாயை மூடுவதோடு நில்லாமல், வெட்டிய இரண்டு பகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்து, உறுப்பு பழையபடி இயங்கும் வகையில் ஒட்டவேண்டும் என்று முயன்றார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு உக்ரைன் ஆஸ்பத்திரிகளில் அவர்களுடைய கருவி புழக்கத்துக்கு வந்தது. உலகின் மற்ற இடங்களில், குடலோடு குடலைச் சேர்க்கும் வேலைக்கு டாக்டர்கள் இன்னும் நூலையும் ஸ்டேப்ளரையுமே நம்புகிறார்கள். மூடுவது ஒரு காரியம். மூடாமல் வழி விட்டு ஒட்டுவது வேறொரு காரியம். குடலின் ஒட்டு ஓர் இடத்தில் கசிந்தாலும் உயிருக்கு ஆபத்து என்பதால் அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது.

லாபம் எவ்வளவு, நட்டம் எங்கே?

கர்ப்பப்பை, தைராய்டு, மண்ணீரல், குடல், மூலம் ஆகிய பல ஆபரேஷன்களில் இந்தக் கருவி இன்று நம் நாட்டிலும் கையாளப்படுகிறது. வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறைக்கு இது பெரும் துணை. குழாய்க்குள்ளிருந்து கொண்டு முடிச்சுப் போடுவது எத்தனை கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை.

மூல ஆபரேஷனைப் பற்றி 12 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, 1,142 நோயாளிகளின் கணக்கைப் பார்த்த ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. வழக்கமான முறையைவிட வலி ஆரம்ப நாட்களில் குறைவு. ஆபரேஷன் சீக்கிரம் முடிகிறது என்று அது கண்டது. வாரக் கூலிக்கு உழைப்பவருக்குச் சில நாள் வலி குறைவதே பெரிய விஷயம். ஆனால் எல்லா ஆபரேஷனிலும் ரத்தம் ஏற்றவே வேண்டாம் என்று ஆகிவிடாது. கை தேர்ந்த டாக்டர் நூலாலேயே சொட்டு ரத்தமில்லாமல் முடிப்பார். கருவி கையிலிருந்தும் தடுமாறுகிறவரும் உண்டு.

சூடு என்பது பிடித்த இடத்தோடு நிற்பதில்லை. தாடைக்கு வெளியே ஓரிரு மில்லிமீட்டர் பரவும். கர்ப்பப்பைத் தமனியின் கீழே சிறுநீர்க் குழாய் ஓடுகிறது. தைராய்டின் பின்னால் குரல் நரம்பு ஓடுகிறது. ஒட்டிய கையோடு சூடான தாடையை அவற்றின்மேல் வைத்துவிட்டால், அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்துச் சிறுநீர் கசியும், அல்லது குரல் கம்மிப் போகும். சுண்ணாம்பு படிந்து கெட்டியான குழாயிலும் ஒட்டு சரியாக விழுவதில்லை.

அடுத்தது பணம். பெட்டி ஒருமுறைச் செலவு. கைக்கருவிகளில் பல, ஒரே ஆபரேஷனோடு தூக்கியெறிவதற்கென்று செய்யப்பட்டவை, விலையோ அதிகம். அதனால் அவற்றைக் கழுவி, கிருமி நீக்கி, மறுபடி மறுபடி உபயோகிக்கும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் இருக்கிறது. ஏழை நோயாளிக்குச் செலவு குறைகிறது என்பது ஒரு நியாயம். தாடையின் இடுக்கில் போன நோயாளியின் சதைத் துணுக்கு ஒட்டியிருக்கலாம், பிடிப்புத் தளர்ந்து ஒட்டு அரைகுறையாகலாம் என்பது மறு நியாயம். பழைய கருவியை வைத்து ஆபரேஷன் செய்துவிட்டுப் புதியதன் விலையைப் பில்லில் போட்டால், அதற்கு நியாயம் எதுவுமில்லை.

மேஜையில் படுக்குமுன்

“நகை நட்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள்” என்று நர்ஸ் சொல்வது திருட்டுப் பயத்துக்காக மட்டும் அல்ல. மோதிரம், மூக்குத்தி, மெட்டி ஆகிய எந்த உலோகமும் மின்சாரத்துக்குக் குறுக்கு வழியாகித் தோலைச் சுடக் கூடும். தாலிக்கொடியைக் கழற்றத் தயங்கும் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போவதுண்டு. அது நல்ல ஏற்பாடு.

தொடையில் பட்டை ஒட்டுமுன் ரோமத்தை மழிப்பார்கள். வேலைக்காரர்களுக்கு இது வேண்டாத வேலையாகத் தோன்றலாம். ரோமத்தாலோ வியர்வையாலோ பட்டையின் ஒரு மூலை தூக்கிக்கொண்டால், தாதர் ஸ்டேஷன் நெருக்கடி அங்கேதான் ஏற்படும். கண் விழித்ததும் ஆபரேஷன் செய்த இடத்தைவிடத் தொடைதான் எரியும். இன்றைய பெட்டிகள் பட்டை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று தாமே கவனித்து எச்சரிக்கின்றன. பழைய பெட்டிகளில் அது கிடையாது. எலும்பு முறிவுக்குப் பிளேட் வைத்திருந்தால், எந்தக் காலில் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். அந்த இடத்துக்கு மேல் பட்டையை ஒட்டக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கேட்கும் வரை காத்திருக்காமல் சொல்லவேண்டும். மின்சாரம் அதைக் குழப்பிவிடும். தோலில் பூசும் ஸ்பிரிட் கலந்த மருந்து நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரக் கருவியைத் தொடவேண்டும் என்பது டாக்டர்களுக்குத் தெரிந்த விதி. ஈதர் போய்விட்டது, ஆக்சிஜனும் ஸ்பிரிட்டும் இருக்கின்றன.

மொழி தெரியாத ஊரில் டாக்டரிடம் கேள்வி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது மூன்று சங்கதிகளைக் கேட்டால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்: குழாயைக் கட்டப் போவது நூலாலா, கருவியாலா? கருவியென்றால் அதன் விலை பேசிய தொகைக்குள் அடங்கியதா, தனியா? ரத்தம் எத்தனை யூனிட் கையிருப்பில் வைக்கவேண்டும்?

மூன்றாவதற்குப் பதில் முன்பைவிடச் சிறிய எண்ணாக வரலாம். “வேண்டியிருக்காது, ஆனாலும் ஒன்று இருக்கட்டும்” என்றும் வரலாம். அந்த ஒன்றுக்கு ஆள் தேடும் வேலையை ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவு வரை தள்ளிப் போடாமல், தேதி குறித்த அன்றே ஆரம்பிப்பது நல்லது. அறையில் உடன் தங்கியிருப்பவரின் ரத்தம் எந்த குரூப் என்று இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.